துக்க வீட்டு வாசல்ல மைக் வந்து நின்னா: என்ன செய்யணும், யாருக்கு எழுதணும், எத்தனை நாளுக்குள்ள

என் தங்கச்சி பையன் பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டான், 20 வயசு. ஜி.ஹெச். மார்ச்சுவரி வாசல்ல தங்கச்சி மயங்கி விழுந்ததை ஒருத்தர் போட்டோ எடுத்து அடுத்த நாள் பேப்பர்ல வந்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே ஒரு யூட்யூப் சேனல்காரர் வீட்டு கேட்டுக்கிட்ட நின்னுட்டு, உள்ள இருந்து தண்ணி எடுத்துட்டு வந்த அவனோட தங்கச்சிகிட்ட (11 வயசு குழந்தைங்க அது) "அண்ணன் உங்கிட்ட கடைசியா என்ன பேசினாரு"ன்னு கேட்டு வீடியோ எடுத்துட்டு போயிட்டாரு. ராத்திரிக்குள்ள அது ஊரு பூரா சுத்திடுச்சு. கூடவே "குடிபோதையில் வந்த வாலிபர்"னு ஒரு தலைப்பு வேற, அதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

அதுக்கப்புறம் பல மாசம் நான் லெட்டர் எழுதிட்டு அலைஞ்சேன், பாதி அலைச்சல் விஷயம் தெரியாததால வந்தது. எந்த பேப்பர் எடுத்து வைக்கணும், யாருக்கு முதல்ல எழுதணும், எத்தனை நாள்ல கெடு முடியும்னு யாராவது முதல் வாரத்துலயே சொல்லியிருந்தா பெரிய உதவியா இருந்திருக்கும், அதனால எழுதுறேன். இது இந்தியாவுல, குறிப்பா தமிழ்நாட்டுல இருக்கிற குடும்பங்களுக்கு. துக்கத்துல இருக்கிறவங்க இதை படிக்க மாட்டாங்க, அது எனக்கு தெரியும். அவங்களுக்கு பக்கத்துல நிக்கிற மாமா, சித்தப்பா, அக்கா புருஷன், ஃப்ரெண்டு யாராவது படிச்சு வச்சுக்கோங்க.

1. முதல் மணி நேரம்: பேசுறதுக்கு ஒரே ஒரு ஆள்

அம்மா அப்பா பேச வேண்டாம், கூடப்பொறந்தவங்களும் வேண்டாம். கொஞ்சம் தள்ளி இருக்கிற, அழுகாம நாலு வார்த்தை பேச முடியுற ஒருத்தரை முடிவு பண்ணி, "பேப்பர்காரங்க, டிவிகாரங்க யார் வந்தாலும் இவர்கிட்ட அனுப்புங்க"ன்னு வீட்ல இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. நாங்க இதை செய்யல, ஆளாளுக்கு பேசினாங்க, தூரத்து சொந்தக்காரர் ஒருத்தர் "பையன் கொஞ்சம் ஸ்பீடாதான் ஓட்டுவான்"னு சொன்னது அப்படியே "குடும்பத்தினர் கூறினர்"னு வந்துச்சு.

இதுல ரொம்ப முக்கியமான ஒண்ணு, போலீஸ் ஸ்டேஷன்ல புகார் குடுக்க போறவர் எந்த போன் நம்பர் எழுதுறார்னு பாருங்க. எஃப்.ஐ.ஆர்.ல புகார் குடுத்தவர் பேரு, விலாசம் எல்லாம் வரும். தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல எஃப்.ஐ.ஆர். பாக்கவும் முடியும் (பாலியல் குற்றம் மாதிரி சென்சிடிவ் கேஸ்கள் தவிர). அப்பா நம்பரை குடுத்தீங்கன்னா அப்பாவுக்குதான் போன் வந்துட்டே இருக்கும். எங்களுக்கு அப்படிதான் ஆச்சு, மச்சான் போனை எடுத்து எடுத்து "ஆமா சார், என் பையன்தான் சார்"னு சொல்லிட்டு இருந்தாரு. யார் பேசப் போறாங்களோ அவங்க நம்பரை எழுதுங்க.

அந்த ஆள் சொல்ல வேண்டியது மூணு வரி போதும். பேரு, வயசு, "குடும்பம் இப்ப பேசுற நிலையில இல்ல, போட்டோ வீடியோ எடுக்க வேண்டாம், தேவைன்னா நாங்களே கூப்பிடுறோம்". காரணம், யூகம், யார் மேல தப்பு, இதெல்லாம் ஒரு வார்த்தை கூட வேண்டாம். கோவத்துல தள்ளிவிடாதீங்க, கேமராவை பிடுங்காதீங்க, அப்புறம் அதுதான் செய்தி ஆகும், உங்க மேல கேஸும் ஆகும்.

2. ஆஸ்பத்திரி வாசல், வீட்டு வாசல்

போட்டோ பெரும்பாலும் மார்ச்சுவரி வாசல்லதான் எடுக்கிறாங்க, ஏன்னா பாடி வாங்குறதுக்கு குடும்பம் எப்படியும் அங்க வந்தே ஆகணும். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குள்ள போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கும், அங்க போய் "வாசல்ல கேமரா நிக்குது, அம்மாவை வேற வழியா கூட்டிட்டு போக முடியுமா"ன்னு கேளுங்க. கேட்டா செய்வாங்க, நாங்க கேட்கவே இல்ல, கேட்கலாம்னே தோணல. கையெழுத்து போடுறதுக்கு அம்மா அங்க நிக்கணும்னு அவசியமும் இல்ல, நெருங்கின சொந்தம் ஒருத்தர் அடையாள அட்டையோட இருந்தா போதுமான்னு விசாரணை அதிகாரிகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.

வீட்ல, கேட்டுக்கு உள்ள வர்றதுக்கு யாருக்கும் உரிமை கிடையாது. ரோட்ல நின்னு எடுக்கிறதை தடுக்கிறது கஷ்டம், அதனால குழந்தைங்களை வாசல் பக்கம் விடாதீங்க, ஒரு பெரியவர் அவங்க கூடவே இருக்கணும். இதை நான் தடிச்ச எழுத்துல எழுதணும்னு நினைக்கிறேன், ஏன்னா பெரியவங்க எல்லாம் பந்தல், ஐஸ் பெட்டி, வண்டின்னு ஓடிட்டு இருக்கும்போது குழந்தைங்களை யாருமே கவனிக்கிறதில்ல. மைக் நீட்டுற ஆளு அந்த நேரத்தைதான் பாத்துட்டு இருக்காரு.

3. போட்டோ எங்கிருந்து போகுதுன்னு பாருங்க

பையனோட ஃபேஸ்புக்ல இருந்து அவன் ஃப்ரெண்ட்ஸோட டூர் போன போட்டோவை எடுத்து போட்டாங்க, கையில ஒரு கூல்ட்ரிங்ஸ் பாட்டில், அதை வச்சுதான் குடிபோதை கதையே வந்துச்சுன்னு நான் இப்பவும் நம்புறேன். அதனால முதல் நாளே செய்ய வேண்டியது:

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க, "யாரும் போட்டோ ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ஸ்டேட்டஸ்ல ஆஸ்பத்திரி படம் வேண்டாம்"னு. அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க எல்லாரோட ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமையும் பிரைவேட் பண்ணுங்க. இறந்தவங்க அக்கவுன்ட்டை நினைவு அக்கவுன்ட்டா மாத்துறதுக்கு அல்லது நீக்குறதுக்கு ரெண்டு இடத்துலயும் ஃபார்ம் இருக்கு, காசு கிடையாது, இறப்பு சான்றிதழ் மாதிரி ஒரு ஆதாரம் கேப்பாங்க. ஒண்ணு கவனிங்க, நினைவு அக்கவுன்ட் ஆக்கினா பழைய போட்டோ எல்லாம் முன்னாடி யாருக்கு தெரிஞ்சதோ அவங்களுக்கு அப்படியே தெரியும், மறையாது. முழுசா எடுக்கணும்னா நெருங்கின சொந்தம்தான் நீக்க சொல்லி கேக்கணும், ஆனா அவசரப்படாதீங்க, நீக்கிட்டா அந்த படங்கள் உங்களுக்கும் போயிடும். முதல்ல சேவ் பண்ணிக்கோங்க.

நாங்களே ஒரு நல்ல போட்டோ குடுத்திருந்தா அந்த டூர் போட்டோ வந்திருக்காதுன்னு பின்னாடி ஒரு நிருபர் சொன்னாரு. யோசிச்சா சரின்னுதான் படுது. நீங்க விரும்பினா மட்டும் ஒரு படத்தை பேசுற ஆள்கிட்ட குடுத்து வைங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பேப்பர் விளம்பரத்துல வீட்டு கதவு எண்ணும் அப்பா போன் நம்பரும் போட வேண்டாம்.

4. ஆதாரம் சேக்குறது (முதல் ரெண்டு நாள், தள்ளிப் போடாதீங்க)

அழுதுட்டு இருக்கிற வீட்ல இதை யார் செய்வாங்கன்னு கேப்பீங்க. ஒரு காலேஜ் பையன் போதும், அரை மணி நேரம்.

பேப்பர்ன்னா அன்னைக்கு தேதி பேப்பர் ரெண்டு காப்பி வாங்கி முழுசா வைங்க, கட் பண்ணாதீங்க, தேதி, பதிப்பு, பக்க எண் தெரியணும். மாவட்டத்துக்கு மாவட்டம் பதிப்பு மாறும், வெளியூர் சொந்தக்காரர் அனுப்பின பேப்பர்ல அந்த படமே இருக்காது, நான் இதுலயும் ஏமாந்தேன். டிவின்னா சேனல் பேரு, தேதி, மணி குறிச்சு வைங்க, ஓடும்போதே இன்னொரு போன்ல ஸ்கிரீனை ரெக்கார்ட் பண்ணிடுங்க. சேனல்கள் ஒளிபரப்பை 90 நாள் வரைக்கும்தான் வச்சிருக்கணும்னு விதி, அதுக்கப்புறம் கேட்டா இல்லன்னு சொல்லிடலாம். யூட்யூப், நியூஸ் சைட்ன்னா முழு லிங்க், சேனல் பேரு, தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட், வீடியோவை டவுன்லோட் பண்ணியும் வைங்க. தலைப்பையும் முகப்பு படத்தையும் தனியா ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஏன்னா புகார் போனதும் முதல்ல மாத்துறது அதைதான். எடுத்த போனை ஃபார்மேட் பண்ணாதீங்க, நாளைக்கு கோர்ட்டுன்னு வந்தா பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுல மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சர்டிபிகேட் குடுக்கணும், அப்ப அந்த போன் வேணும்.

கூட சேக்க வேண்டிய காகிதங்கள்: இறப்பு சான்றிதழ் (21 நாளுக்குள்ள பதிவு பண்ணா கட்டணம் இல்ல), உறவை காட்ட ரேஷன் கார்டு அல்லது ஆதார், எஃப்.ஐ.ஆர். காப்பி (புகார் குடுத்தவருக்கு இலவசமா தரணும்), போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். ரத்தத்துல ஆல்கஹால் இருந்துச்சான்னு சொல்ற கெமிக்கல் ரிப்போர்ட் தனியா வரும், எங்களுக்கு மாசக்கணக்குல ஆச்சு, ஸ்டேஷன்ல கேட்டுட்டே இருக்கணும். இல்லன்னுதான் வந்துச்சு.

5. புகார் யார் பேர்ல? இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க

நான் முதல்ல எழுதின லெட்டர் முழுக்க "இறந்த என் மருமகனின் அந்தரங்க உரிமை மீறப்பட்டது"ன்னு இருந்துச்சு. ஒரு வக்கீல் அதை படிச்சுட்டு, சார் இப்படி எழுதினா நிக்காதுன்னாரு.

விஷயம் என்னன்னா, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் 9 நீதிபதிகள் பெஞ்ச் புட்டசாமி வழக்குல சொல்லிடுச்சு, ஆனா ஒருத்தர் இறந்துட்டா அந்த உரிமை அவரோட போயிடும், வாரிசுக்கு வராதுன்னு சென்னை ஹைகோர்ட் 2021-ல ஜெயலலிதா வாழ்க்கை பட வழக்குல சொல்லியிருக்கு, 2023-ல டெல்லி ஹைகோர்ட்டும் சுஷாந்த் சிங் ராஜ்புத் அப்பா போட்ட வழக்குல அதே மாதிரிதான் சொல்லுச்சு. ஆனா உயிரோட இருக்கிற உங்களுக்கு உங்க உரிமை இருக்கு. 1994-ல ராஜகோபால் வழக்குலயே (ஆட்டோ சங்கர் சுயசரிதை பத்தினது) ஒருத்தருக்கு தன்னோட, தன் குடும்பத்தோட அந்தரங்கத்தை காப்பாத்திக்கிற உரிமை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

அதனால லெட்டரை மாத்தி எழுதினேன். மயங்கி விழுந்த படத்துல இருக்கிறது என் தங்கச்சி, அது அவளோட துக்கம், அவ சம்மதம் குடுக்கல. வீடியோல இருக்கிறது 11 வயசு குழந்தை, பெத்தவங்ககிட்ட யாரும் கேக்கல. இப்படி எழுதினதும் பேச்சே மாறிடுச்சு. தங்கச்சியும் மச்சானும் கையெழுத்து போட்டாங்க, நான் அவங்க சார்பா தொடர்பு ஆள்.

இறந்தவர் பேரை கெடுத்திருந்தா மட்டும் வேற வழி ஒண்ணு இருக்கு. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த சட்டம்) 356-வது பிரிவு, அவதூறு. இறந்தவரை பத்தி சொன்ன விஷயம், அவர் உயிரோட இருந்தா பேர் கெடும், அதோட குடும்பத்தார் மனசு புண்படணும்னே சொன்னதுன்னா அதுவும் அவதூறுதான்னு விளக்கத்துலயே இருக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட்ல தனி புகார் போடணும், வக்கீல் வேணும், காசும் காலமும் ஆகும், கெடு 3 வருஷம். ஆனா 7-வது படியை படிக்காம கோர்ட்டுக்கு ஓடாதீங்க.

6. பேப்பர்ல வந்திருந்தா: முதல்ல ஆசிரியருக்கு

பிரஸ் கவுன்சிலுக்கு (பத்திரிகைங்க மேல வர்ற புகாரை விசாரிக்கிற, டெல்லியில இருக்கிற அமைப்பு) போறதுக்கு முன்னாடி பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியே ஆகணும். இது மரியாதைக்கு சொல்றதில்ல, விதி. எனக்கு தெரியாம நேரா டெல்லிக்கு அனுப்பினேன், ஆசிரியருக்கு எழுதின லெட்டர் காப்பி சேருங்கன்னு பதில் வந்துச்சு, அதுலயே வாரங்கள் போச்சு.

போன்ல பேசாதீங்க, பேசினாலும் அதோட விடாதீங்க. ஈமெயில் ஒண்ணு, தபால் ஒண்ணு. ரிஜிஸ்டர்டு போஸ்ட்டுன்னு கேட்டா இப்ப கிடையாது, 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால ஸ்பீட் போஸ்ட்ல பதிவு வசதியும் டெலிவரி ஒப்புகையும் சேத்து கேளுங்க, ரசீதை பத்திரமா வைங்க. நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

லெட்டர் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். தங்கச்சி பேர்ல நாங்க அனுப்பினது கடைசியில இப்படிதான் இருந்துச்சு:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் பத்திரிகையின் (பதிப்பு) (தேதி) இதழ், (எண்) ஆம் பக்கத்தில், மகனை இழந்து மயங்கிக் கிடந்த என் படம் என் சம்மதம் இல்லாமல் வெளியாகியுள்ளது. தனிப்பட்ட துக்கத் தருணங்களில் புகைப்படம் மூலம் குறுக்கிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று பிரஸ் கவுன்சில் நெறிமுறை கூறுகிறது. அந்தப் படத்தை இணையப் பதிப்பிலிருந்தும் இ-பேப்பரிலிருந்தும் நீக்கவும், மீண்டும் பயன்படுத்தாமல் இருக்கவும், 'குடிபோதை' என்ற தகவலுக்குத் திருத்தம் வெளியிடவும் கேட்டுக்கொள்கிறேன். 10 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும்."

அந்த நெறிமுறையிலயே அடுத்த வரி, விபத்து, இயற்கை பேரிடர்ல பாதிக்கப்பட்டவங்க படம் பொதுநலனுக்காக இருக்கலாம்னு இருக்கு. அவங்க அதை பிடிச்சுக்குவாங்க, எங்களுக்கும் அதைதான் சொன்னாங்க. அதுக்கு நாங்க சொன்ன பதில், விபத்து நடந்த இடம், வண்டி, ரோடு இதோட படம்னா சரி, பெத்தவ மயங்கி கிடக்கிற படத்துல ரோட்டை பத்தி என்ன தெரிஞ்சுக்க முடியும்?

கேக்குறதை தெளிவா கேளுங்க: நீக்கணுமா, திருத்தம் வேணுமா, முகத்தை மறைக்கணுமா. "நடவடிக்கை எடுக்கவும்"னு மட்டும் எழுதினா எதுவும் நடக்காது. எங்களுக்கு இணையத்துல இருந்து படம் போயிடுச்சு, திருத்தம் கெமிக்கல் ரிப்போர்ட் காப்பி அனுப்பினதுக்கு அப்புறம் உள்பக்கத்துல நாலு வரி வந்துச்சு. நாலு வரின்னாலும் தங்கச்சி அதை வெட்டி பீரோல வச்சிருக்கா.

7. பிரஸ் கவுன்சில்: 2 மாச கெடு

ஆசிரியர் பதில் சரியில்லன்னா அல்லது பதிலே இல்லன்னா பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா, டெல்லி. கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம். நாளிதழ், வார இதழ், நியூஸ் ஏஜென்சின்னா செய்தி வந்த தேதியில இருந்து 2 மாசம், மத்த இதழ்கள்னா 4 மாசம். நல்லா கவனிங்க, செய்தி வந்த தேதியில இருந்து, ஆசிரியர் பதில் வந்த தேதியில இருந்து இல்ல. 16-ம் நாள் காரியம் முடியட்டும், 30 முடியட்டும்னு நாங்க விட்டோம், 41-வது நாள்தான் நான் பேப்பரையே எடுத்தேன். கெடு தாண்டினாலும் நியாயமான காரணம் எழுதினா தலைவர் ஏத்துக்கலாம், ஆனா அதை நம்பி உக்காராதீங்க.

கூட வைக்க வேண்டியது: செய்தி வந்த பக்கம் (அசல் அல்லது நீங்க கையெழுத்து போட்ட காப்பி), தமிழ் செய்தின்னா அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு (தெரிஞ்ச டீச்சர் ஒருத்தர் எங்களுக்கு செஞ்சு குடுத்தாங்க), ஆசிரியருக்கு எழுதினது, அவர் பதில், அப்புறம் ஒரு உறுதிமொழி: தெரிஞ்ச எல்லா விவரமும் சொல்லிட்டேன், இது சம்பந்தமா எந்த கோர்ட்லயும் வழக்கு இல்ல, வந்தா உடனே தெரிவிப்பேன்னு. இங்கதான் பொறி இருக்கு, கோர்ட்ல இருக்கிற விஷயத்தை கவுன்சில் விசாரிக்காது. அவதூறு கேஸ் போட்டுட்டு இங்க வந்தா கதவு மூடிடும். எது வேணும்னு முதல்லயே முடிவு பண்ணுங்க.

எதிர்பார்ப்பையும் சரியா வச்சுக்கோங்க. கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதை பத்திரிகையில வெளியிட சொல்லலாம், அபராதமோ நஷ்டஈடோ வாங்கி தராது, மாசங்கள் ஆகும். அப்ப எதுக்கு அனுப்பணும்னு மச்சான் கேட்டாரு. ஆசிரியருக்கு போற லெட்டர்ல "பதில் இல்லன்னா பிரஸ் கவுன்சிலுக்கு போவோம்"னு ஒரு வரி இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, அதை நான் கண்ணால பாத்தேன்.

8. டிவி, உள்ளூர் கேபிள்

டிவிக்கு பிரஸ் கவுன்சில் கிடையாது. ஒவ்வொரு சேனலுக்கும் குறை தீர்க்கும் அதிகாரி இருக்கணும், 2021 கேபிள் டிவி திருத்த விதிப்படி 24 மணி நேரத்துல ஒப்புகை, 15 நாள்ல முடிவு. அதுல திருப்தி இல்லன்னா அடுத்த 15 நாளுக்குள்ள அந்த சேனல் உறுப்பினரா இருக்கிற சுய கட்டுப்பாட்டு அமைப்புக்கு, உதாரணமா நியூஸ் சேனல்களுக்கான என்.பி.டி.எஸ்.ஏ., அதுக்கும் மேல மத்திய அரசு. சேனலுக்கு முதல் மெயில் ஒளிபரப்பான வாரத்துக்குள்ளயே போயிடணும், இதுல நாங்க கோட்டை விட்டுட்டோம். பெரிய தண்டனை எதிர்பார்க்காதீங்க, 1 லட்சம் ரூபா அபராதம் எல்லாம் ஒரு அபராதமான்னு 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே கேட்டுச்சு. ஆனா கிளிப்பை எடுக்க வைக்கிறதுக்கு இந்த வழி உதவும். உள்ளூர் கேபிள் சேனல்ன்னா கலெக்டர் தலைமையில மாவட்ட கண்காணிப்பு குழு இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க, ரசீது வாங்குங்க.

9. யூட்யூப், நியூஸ் சைட்

யூட்யூப்ல "ரிப்போர்ட்" பட்டனை அழுத்தினா போதும்னு நாங்க 40 பேர் அழுத்தினோம், ஒண்ணும் நடக்கல. பிரைவசி புகார் ஃபார்ம்னு தனியா இருக்கு, அதுலதான் போகணும். யார் முகம் தெரியுதோ அவங்கதான் குடுக்கணும், குழந்தைன்னா அப்பா அம்மா குடுக்கலாம், இறந்தவர்ன்னா நெருங்கின சொந்தம் குடுக்கலாம். எந்த நிமிஷம் எந்த செகண்ட்ல முகம் வருது, என்ன டிரெஸ், பேரு சொல்றாங்களா, எல்லாம் எழுதணும். வீடியோ போட்டவருக்கு 48 மணி நேரம் குடுப்பாங்க, அவரே எடுக்கலன்னாதான் யூட்யூப் பாக்கும். எங்க விஷயத்துல அவரே அந்த பகுதியை வெட்டிட்டாரு. ஆனா அதுக்குள்ள வேற ஆறு பேர் அதை எடுத்து போட்டிருந்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி புகார், லிங்க் தனித்தனி.

ஃபேஸ்புக், யூட்யூப் மாதிரி பெரிய தளங்களுக்கு இந்தியாவுல குறை தீர்க்கும் அதிகாரி இருக்கணும், 24 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும். அங்க முடியலன்னா 30 நாளுக்குள்ள மத்திய அரசோட குறைதீர்ப்பு மேல்முறையீட்டு குழுவுக்கு ஆன்லைன்லயே அப்பீல், காசு இல்ல. சைட்ல இருந்து படம் போன பிறகும் கூகுள் தேடல்ல பழசு தெரியும், பழைய உள்ளடக்கத்தை நீக்க ஒரு ஃபார்ம் இருக்கு, அதுல லிங்க் போடுங்க.

கமென்ட்ஸ் படிக்காதீங்க. லிங்க் எடுக்கிற வேலையை குடும்பத்துக்கு வெளிய இருக்கிற ஒருத்தர்கிட்ட குடுங்க, நான் படிச்சேன், அதை மறக்க முடியல.

10. சில மரணங்களுக்கு சட்டமே கூடுதலா காவல் நிக்குது

பாலியல் குற்றம்ன்னா பாதிக்கப்பட்டவங்க பேரு, படம், அடையாளம் தெரியுற எதையும் வெளியிடக் கூடாது, பி.என்.எஸ். 72-வது பிரிவு, 2 வருஷம் வரைக்கும் ஜெயில். அவங்க இறந்துட்டாலும் இது பொருந்தும்னு 2018 டிசம்பர்ல நிபுண் சக்சேனா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, குடும்பமே சம்மதிச்சாலும் மீடியா தானா போட முடியாது. குழந்தைங்கன்னா போக்சோ (குழந்தைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்துற சட்டம்) 23-வது பிரிவு, சிறார் நீதி சட்டம் 74-வது பிரிவு, வீடு, ஸ்கூல் பேரு கூட வரக் கூடாது. இதுக்கு எல்லாம் ஆசிரியர் பதிலுக்கு காத்திருக்க வேண்டாம், நேரா போலீஸ்ல புகார் குடுக்கலாம்.

தற்கொலைன்னா, உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதலை பிரஸ் கவுன்சில் 2019-லயே ஏத்துக்கிட்டிருக்கு: முறையை விவரிக்கக் கூடாது, இடத்தை சொல்லக் கூடாது, பரபரப்பு தலைப்பு கூடாது, படம், வீடியோ கூடாது. இறந்தவர் எழுதி வச்ச லெட்டரை யார்கிட்டயும் காட்டாதீங்க, போலீஸ்கிட்ட மட்டும் குடுங்க, போட்டோ எடுக்க விடாதீங்க. வீட்ல இருக்கிற மத்தவங்களுக்கு மனசு தாங்கலன்னா டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்ல பேசலாம்.

11. பேசணும்னு தோணினா

எல்லா நிருபரும் ஒரே மாதிரி இல்ல, இதை நான் சொல்லியே ஆகணும். அந்த முதல் நாள் கூட்டத்துலயே ஒருத்தர் வந்தாரு, கேமராவை வெளிய எடுக்கல, பக்கத்து வீட்டு அக்காகிட்ட தன் நம்பரை எழுதி குடுத்துட்டு "அவங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப கூப்பிடட்டும், தோணலன்னாலும் பரவால்ல"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. மூணு வாரம் கழிச்சு தங்கச்சியே கூப்பிட சொன்னா. அந்த வளைவுல லைட் இல்ல, அதை பத்தி எழுதணும்னு சொன்னா. அவர் வந்து உக்காந்து ரெண்டு மணி நேரம் கேட்டாரு, போட்டோ வேண்டாம்னதுக்கு சரின்னாரு, அச்சுக்கு போறதுக்கு முன்னாடி அவ சொன்னதை போன்ல படிச்சு காட்டினாரு. ஒரு வரி எடுக்க சொன்னா, எடுத்துட்டாரு.

அதனால பேசுறதா இருந்தா முன்னாடியே கேளுங்க: எந்த பேப்பர், எந்த சேனல், எதுக்காக எழுதுறீங்க, பேரு போடுவீங்களா, எந்த படம், நான் சொன்னதை எனக்கு படிச்சு காட்டுவீங்களா, நடுவுல வேண்டாம்னு தோணினா நிறுத்தலாமா. பதில் இழுத்துப் பேசினா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒத்துக்கிட்டதை வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா அனுப்பி வைங்க. பேட்டிக்கு காசு வாங்காதீங்க, குடுக்கவும் குடுக்காதீங்க, "நியூஸை எடுத்துடுறேன், இவ்ளோ குடுங்க"ன்னு யாராவது போன் பண்ணா அது மிரட்டி பணம் பறிக்கிறது, கால் டீட்டெய்லோட போலீஸ்ல குடுங்க, சைபர் க்ரைம் நம்பர் 1930.

12. ஒரு வருஷம் கழிச்சு

முதல் நினைவு நாள், கேஸ் தீர்ப்பு நாள், அதே ரோட்ல இன்னொரு விபத்து, இந்த மூணு சமயத்துலயும் பழைய படம் திரும்ப வர வாய்ப்பு இருக்கு. ஆசிரியருக்கு எழுதினது, அவங்க பதில், யூட்யூப் மெயில் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல, ஸ்கேன் பண்ணி ரெண்டு பேர் மெயில்ல வைங்க. நினைவு நாளுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அதே ஆசிரியருக்கு பழைய பதிலை இணைச்சு, அந்த படத்தை திரும்ப போட வேண்டாம்னு ஒரு மெயில் அனுப்புங்க. நாங்க அனுப்பினோம், மறுநாளே "குறித்துக்கொண்டோம்"னு பதில் வந்துச்சு, அந்த வருஷம் வந்தது நாங்க குடுத்த அஞ்சலி விளம்பரம் மட்டும்தான், தங்கச்சி பொண்ணு தேர்ந்தெடுத்த படத்தோட.